முன்னுரையில் நின்றுவிடும் பெயர்கள்: காட்மாண்டு பற்றிய நூல்கள்

நேபாளத்தின் தலைநகரான காட்மாண்டுவின் வரலாறு, பண்பாடு பற்றி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. தமிழ் வாசகர்களில் பலருக்கு அது பசுபதிநாதர் இருக்கும் ஊர். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று கருதி முக்திநாத் செல்பவர்கள் வழியில் தங்கும் ஊர். அதற்கு மேல் அறிய விரும்புபவர் ஆங்கில நூல்களைத்தான் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த நூல்களில் முக்கியமான சிலவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவற்றை வாசிக்கையில் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த ஆசிரியருக்கு நகரத்தைச் சொல்லிக்கொடுத்தவர் யார், அவர் நூலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

நூல்களுக்குள் செல்லும் முன் ஒரு விளக்கம். காட்மாண்டு, லலித்பூர் என்கிற பாடன், பக்தபூர் ஆகிய மூன்று பழைய நகரங்களும் ஒரே பள்ளத்தாக்கில் உள்ளன. 'நேபாளம்' என்ற பெயர் முன்பு இப்பள்ளத்தாக்கை மட்டுமே குறித்தது. இதன் பழங்குடிகள் நேவார்கள். அவர்களுடைய மொழி நேபாள் பாஷா. இன்று நாட்டின் அரசு மொழியாக இருக்கும் நேபாளியிலிருந்து முற்றிலும் வேறுபட்ட, திபெத்திய-பர்மிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மொழி. கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா 1768-69இல் மூன்று நகரங்களையும் கைப்பற்றினார். அதன்பின் நேவார்கள் தங்கள் சொந்த நகரத்திலேயே ஆளப்படுபவர்கள் ஆனார்கள். இங்கே பேசப்படும் நூல்களில் ஏறக்குறைய அனைத்தும் இந்த வெற்றிக்குப் பின் எழுதப்பட்டவை.

ரெசிடென்சி காலத்து நூல்கள்

ஆங்கிலத்தில் முதலில் வந்த விரிவான நூல் வில்லியம் கிர்க்பாட்ரிக்கினுடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக 1793இல் சென்ற அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தது மிகக் குறுகிய காலமே. நூல் 1811இல் வெளிவந்தது. அடுத்து 1819இல் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டனின் நூல். கொங்கு நாட்டின் பொருளியல் வரலாற்றைப் படித்தவர்கள் இவரை அறிவார்கள். 1800-01இல் மைசூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மலபார் வரை ஊர் ஊராகச் சென்று பயிர், வரி, தறி என்று கணக்கெடுத்த அதே புக்கானன்தான். அந்தப் பயணம் முடிந்த கையோடு 1802இல் நேபாளம் சென்றார். இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே கண், ஒரே கேள்விப்பட்டியல் என்பது தெரியும். இந்த மண்ணில் என்ன விளையும், எவ்வளவு வரி வரும், எந்தச் சாதி எந்த வேலையைச் செய்கிறது? கோயிலும் திருவிழாவும் அந்தப் பட்டியலின் கடைசியில்தான் வருகின்றன.

பிரையன் ஹாக்டன் ஹாட்ஜ்சன் வேறு வகையான மனிதர். 1820இல் காட்மாண்டுவுக்கு வந்து, இடையில் சிறிது காலம் நீங்கலாக 1843 வரை அங்கே இருந்தார். பௌத்த சமஸ்கிருத நூல்கள் இந்தியச் சமவெளியில் மறைந்துபோயிருந்த காலம் அது. நேபாளத்து விகாரைகளிலும் வீடுகளிலும் அவை ஓலையாகவும் தாளாகவும் இருந்தன. ஹாட்ஜ்சன் அவற்றைச் சேகரித்தும் படியெடுக்கச் செய்தும் கல்கத்தா, லண்டன், பாரிஸ் நகரங்களுக்கு அனுப்பினார். பாரிஸில் அவற்றைப் படித்த யூஜின் பர்னூஃப் 1844இல் எழுதிய இந்திய பௌத்த வரலாறு ஐரோப்பாவில் பௌத்த ஆய்வின் அடித்தளமாக ஆயிற்று.

ஹாட்ஜ்சன் இந்த நூல்களைத் தாமாகப் படித்தறியவில்லை. பாடனைச் சேர்ந்த அமிர்தானந்தர் என்ற பௌத்தப் பண்டிதரிடம் அவர் கேள்விகளை எழுதிக் கொடுத்தார். அமிர்தானந்தர் பதில்களைத் தந்தார், சுவடிகளைத் தேடித் தந்தார், ஹாட்ஜ்சனுக்காகவே சமஸ்கிருதத்தில் தொகுப்புகளும் செய்தார். அந்தப் பதில்களின் மேல்தான் ஹாட்ஜ்சனின் புகழ்பெற்ற கட்டுரைகள் நிற்கின்றன. அவற்றின் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நகரத்தின், ஒரு காலத்தின், ஒரு பண்டிதரின் பௌத்தத்தை ஹாட்ஜ்சன் பௌத்தம் முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டார்.

அமிர்தானந்தர் வெறும் தகவலாளி அல்ல என்பதற்கு ஒரு சான்று போதும். அஸ்வகோஷரின் 'புத்தசரிதம்' சமஸ்கிருதத்தில் பாதியளவே எஞ்சியிருந்தது, பதினான்காம் சருக்கத்தோடு முறிந்துபோனது. மீதியை எல்லா இடத்திலும் தேடிக் கிடைக்காததால் 1830இல் அமிர்தானந்தர் தாமே தொடர்ந்து எழுதி பதினேழாம் சருக்கம் வரை கொண்டுவந்தார். தாம் எழுதிச் சேர்த்ததைச் சுவடியின் முடிவில் மறைக்காமல் குறிப்பிட்டும் வைத்தார். ஒரு மகாகவியின் காவியத்தைத் தொடர்ந்து எழுதும் துணிவும், அதைச் சொல்லிவைக்கும் நேர்மையும் உடையவர். ஆயினும் பெரும்பாலான நூல்களில் அவர் 'ஹாட்ஜ்சனின் பண்டிதர்' மட்டுமே.

1877இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்த 'நேபாள வரலாறு' இதைவிட வெளிப்படையான உதாரணம். அது பாடனில் எழுதப்பட்ட ஒரு பௌத்த வம்சாவளியின் மொழிபெயர்ப்பு. வம்சாவளி என்பது அரச பரம்பரைப் பட்டியலும் தலபுராணமும் கலந்த நூல்வகை. மொழிபெயர்த்தவர்கள் முன்ஷி சிவசங்கர் சிங், பண்டிதர் குணானந்தர் இருவரும். அவர்களுடைய பெயர் முகப்புப் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பதிப்பாசிரியரான டேனியல் ரைட், பிரிட்டிஷ் ரெசிடென்சியின் மருத்துவர், எழுதியது அறிமுகப் பகுதியை மட்டுமே. ஆனால் இன்றுவரை இந்நூல் 'ரைட்டின் வரலாறு' என்றே மேற்கோள் காட்டப்படுகிறது. ரைட்டின் அறிமுகமோ ஊரின் அசுத்தத்தைப் பற்றிய அருவருப்பு நிறைந்தது. ஒரே அட்டைக்குள் இரண்டு நூல்கள் இருப்பதுபோல் தோன்றும். முன்பாதியில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார். பின்பாதியில் ஏரியாக இருந்த பள்ளத்தாக்கை மஞ்சுஸ்ரீ வாளால் வெட்டி நீரை வடித்து மனிதர்களைக் குடியேற்றுகிறார். மாணவர்கள் முன்பாதியைத் தாண்டிவிட்டு நேராகப் பின்பாதிக்குச் செல்லலாம், பெரிய இழப்பு எதுவும் இல்லை.

லேவிக்குப் பின்

பிரெஞ்சு அறிஞர் சில்வன் லேவி 1898இல் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் பள்ளத்தாக்கில் தங்கினார். 1905-08இல் மூன்று தொகுதிகளாக 'நேபாளம்' என்ற நூலை வெளியிட்டார். வம்சாவளிகளை மட்டும் நம்பாமல் கல்வெட்டு, சீனப் பயணக்குறிப்பு, திபெத்திய நூல் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று உரசிப்பார்த்த முதல் வரலாறு இது. அதன் எல்லை, நேபாளத்தை எப்போதும் இந்தியாவின் சிறிய மாதிரியாகவே பார்ப்பது. பௌத்தமும் சைவமும் அருகருகே வாழ்ந்த பழைய இந்தியா எப்படி இருந்திருக்கும் என்று அறிய லேவி அங்கே செல்கிறார். நகரத்தின் சொந்த வாழ்க்கை அவருக்கு இரண்டாம்பட்சம். 1928இல் வெளிவந்த பெர்சிவல் லாண்டனின் இரு தொகுதிகளை ராணா ஆட்சியின் சுயபடம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். படங்களுக்காக மட்டும் புரட்டத் தக்கது.

உள்ளூர் அறிஞர்கள் தங்கள் பெயரிலேயே எழுதத் தொடங்கியதும் ஆய்வின் தரம் மாறியது. நயராஜ் பந்த் உருவாக்கிய 'சம்சோதன மண்டல்' என்ற குழு, பெரிய வரலாற்றாசிரியர்களின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தி வெளியிட்டது. 1964 முதல் 'பூர்ணிமா' என்ற இதழையும் நடத்தியது. அந்தக் குழுவிலிருந்து வந்த தனவஜ்ர வஜ்ராச்சார்யா 1973இல் லிச்சவி காலக் கல்வெட்டுகளை நேபாளி மொழியில் தொகுத்தார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட 'கோபாலராஜ வம்சாவளி'யை அவரும் கமல் பிரகாஷ் மல்லாவும் சேர்ந்து 1985இல் பதிப்பித்தார்கள். பாதி இலக்கணம் சிதைந்த சமஸ்கிருதம், பாதி பழைய நேவாரி. அதைப் படிக்க நேவார் அறிஞர் இல்லாமல் முடியாது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்களுக்குத் தெரிந்திருந்த சுவடி இது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நேபாள மண்டலம்

காட்மாண்டு பற்றி ஒரே நூல்தான் படிக்க முடியும் என்றால் நான் பரிந்துரைப்பது மேரி ஸ்லஸ்சரின் 'நேபாள மண்டலா' (1982). பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள், ஒன்றில் உரை, மற்றதில் படங்கள். மானுடவியல் படித்த ஸ்லஸ்சர் 1965இல் கணவரின் பணி காரணமாக காட்மாண்டு வந்தவர். தெருக்களில் நடந்து நடந்தே இந்நூலை எழுதினார் என்று சொல்லலாம். 'மண்டலா' என்ற சொல்லை மேலைநாட்டு வாசகர்கள் தாந்திரிக வரைபடம் என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது ஒரு நாட்டுப்பகுதியின் பெயர் என்பதும் உடனே புரியும். நூலின் தலைப்பில் இரண்டு பொருளும் உண்டு.

ஸ்லஸ்சரின் முறை எளிமையானது. ஒரு குளிப்புத் துறை, ஒரு தெருமுனைப் பிள்ளையார், ஒரு பாழடைந்த சத்திரம் என்று எதையும் தனிக் கலைப்பொருளாகப் பார்க்க மாட்டார். யார் கட்டினார்கள், எந்த நிலத்தின் விளைச்சலில் விளக்கு எரிந்தது, எந்தக் குத்தி அதைப் பராமரிக்கிறது என்று கேட்பார். குத்தி என்பது கோயில், விழா, ஈமச்சடங்கு போன்றவற்றை நடத்த நிலக்கொடையோடு அமைக்கப்படும் கூட்டமைப்பு. நம்முடைய தேவதானமும் ஊர்ச்சபையும் ஒன்றாகக் கலந்தது போன்றது. காட்மாண்டுவைக் கட்டியது அரசர்கள் என்றால், அதை நிற்கவைத்தது குத்திகள். 2019இல் குத்திகளை அரசின் கீழ் கொண்டுவர ஒரு மசோதா வந்தபோது பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள், மசோதா திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஸ்லஸ்சரின் நூல் முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கம் தந்திருக்கிறது.

நகரத்துக்குப் பெயர் தந்த காஷ்டமண்டபத்தை எடுத்துக்கொள்வோம். வம்சாவளிக் கதைப்படி, தேரோட்டம் பார்க்க மனித உருவில் வந்த கற்பக விருட்சத்தை ஒருவர் அடையாளம் கண்டு பிடித்து வைத்துக்கொண்டார். விடுதலைக்கு விலையாக அது தந்த ஒற்றை மரத்தில் மண்டபம் கட்டப்பட்டது. கதை குறிக்கும் காலம் 16ஆம் நூற்றாண்டின் இறுதி. பயண நூல்கள் அனைத்தும் நெடுங்காலம் இதையே திரும்பச் சொல்லிவந்தன. 1974இல் ஸ்லஸ்சரும் கௌதமவஜ்ர வஜ்ராச்சார்யாவும் சேர்ந்து எழுதிய கட்டுரை, 12ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றிலேயே இம்மண்டபத்தின் பெயர் வருவதைச் சுட்டிக்காட்டியது. ஒரே வாசிப்பில் கட்டடத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் வயது கூடியது. சுவடிகளைப் படிக்கத் தெரிந்த வஜ்ராச்சார்யாவும் கட்டடத்தைப் படிக்கத் தெரிந்த ஸ்லஸ்சரும் இணைந்ததால் கிடைத்த முடிவு இது. இருவர் பெயரும் கட்டுரையின் தலையிலேயே இருக்கின்றன.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மண்டபம் சரிந்தது. உள்ளே அப்போது ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது, அதில் இருந்தவர்கள் இறந்தார்கள். பின்னர் நேபாளத் தொல்லியலாளர்களும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தவரும் அடித்தளத்தை அகழ்ந்தார்கள். அடித்தளம் 7ஆம் நூற்றாண்டளவிலானது என்று தெரியவந்தது. அதாவது ஸ்லஸ்சரின் கணக்கும் இப்போது பழையதாகிவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. நான்கு நடுத்தூண்களில் ஒன்று அதன் அடிக்கல்லில் பொருத்தப்படாமலே நின்றிருந்தது. அடிக்கல் பழுதில்லாமல் இருந்தது, முந்தைய புதுப்பிப்பு வேலையின்போது தளத்தின் கீழ் மறைந்துபோயிருந்தது. பழைய தச்சர்கள் அறிந்திருந்ததைப் புதுப்பித்தவர்கள் அறியவில்லை.

ஸ்லஸ்சருக்கும் குறை உண்டு. அவருடைய காட்மாண்டுவில் கற்களும் கடவுள்களும் பேசுகின்றன, அங்கே வாழும் மனிதர்களின் குரல் அரிதாகவே கேட்கிறது. அதற்கு ராபர்ட் லெவியின் 'மெசோகாசம்' (1990) பக்கம் செல்ல வேண்டும். அது பக்தபூரைப் பற்றியது. அந்நகரின் பிராமணர் கேதார் ராஜ் ராஜோபாத்யாயாவின் பங்களிப்பு முகப்புப் பக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. குணானந்தரின் காலத்திலிருந்து இது சிறிய தூரம்தான், ஆனால் தூரம்தான்.

சிலைகள் போன கதை

1951இல் ராணா ஆட்சி முடிந்து நாடு திறக்கப்பட்டதும் பயணிகளும் ஆய்வாளர்களும் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே சிலை வியாபாரிகளும் வந்தார்கள். காட்மாண்டுவின் சிறப்பு அதன் தெய்வங்கள் பூட்டிய கருவறைக்குள் இல்லாமல் தெருவோரத்திலும் கிணற்றடியிலும் இருப்பது. அதுவே திருடர்களுக்கு வசதியாயிற்று. அழகிய படங்களோடு கலை நூல்கள் வரவர, எந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது. நூலாசிரியர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த நூல்களை இன்று புரட்டும்போது இதை மறந்துவிடவும் முடியாது.

லைன் சிங் பாங்தெல் 1989இல் வெளியிட்ட 'நேபாளத்தின் திருடப்பட்ட சிலைகள்' இந்தக் கலை நூல்களைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. டார்ஜிலிங்கில் பிறந்து பாரிஸிலும் லண்டனிலும் வாழ்ந்த ஓவியர், நாவலாசிரியர் அவர். சிலை தன் இடத்தில் இருந்தபோது எடுத்த படம், அது இருந்த ஊர், தெரு என்று தொகுத்தார். கலை விமர்சனம் என்று பார்த்தால் அதில் அதிகம் இல்லை. வரிகள் குறைவு, உணர்ச்சி அதைவிடக் குறைவு. ஒரு காவல்நிலையப் பதிவேடு போல இருக்கும். அதுதான் அதன் பலம்.

பாடனில் பாட்கோ டோல் என்ற இடத்தில் ஒரு கற்சிலை இருந்தது. பாதி லட்சுமி, பாதி நாராயணன், அர்த்தநாரியைப் போலவே ஒரே உடலில் இருவர். 1984இல் அது திருடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, தொலைந்த நேபாளச் சிலைகளை ஓவியமாக வரைந்துவந்த ஓர் ஓவியர் அதே சிலை அமெரிக்காவின் டல்லாஸ் அருங்காட்சியகத்தில் இருப்பதைக் கண்டறிந்தார். பாங்தெல்லின் படம் சான்றாயிற்று. 2021இல் சிலை நேபாளம் திரும்பியது, அந்த ஆண்டு டிசம்பரில் தன் பழைய இடத்திலேயே மீண்டும் வைக்கப்பட்டது. விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிவர, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1974இல் எடுத்துவைத்த புகைப்படம் உதவியதை இங்கே நினைவுகூரலாம்.

அண்மைக்கால நூல்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். மஞ்சுஸ்ரீ தாபாவின் 'ஃபர்கெட் காட்மாண்டு' (2005) 2001 ஜூன் 1 அரண்மனைப் படுகொலையில் தொடங்கி, மாவோயிஸ்டுகளின் ஆளுகையில் இருந்த மேற்கு மலைகளில் முடிகிறது. தலைநகரம் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் நாடு கைநழுவியது என்ற கோபம் நூல் முழுக்க உள்ளது. வரலாற்றுப் பகுதி அவசரமானது, பயணப் பகுதி மிக நல்லது. தாமஸ் பெல்லின் 'காட்மாண்டு' (2014) பழைய சுவடிகளையும் உள்நாட்டுப் போர்க்காலச் செய்தியாளரின் அனுபவங்களையும் மாறி மாறிச் சொல்கிறது. பிரிட்டிஷ் உளவுத்துறை அப்போரில் எவ்வாறு தலையிட்டது என்று அவர் எழுதும் பகுதி, 1793இல் கிர்க்பாட்ரிக் தொடங்கிய கதையின் தொடர்ச்சியாகவே படுகிறது.

சிறையில் எழுதிய நகரம்

இவற்றோடு சேர்த்து எண்ணப்படாத ஒரு நூல் உண்டு. ராணா ஆட்சியில் நேபாள் பாஷாவில் எழுதுவதே குற்றமாக இருந்தது. சித்ததர் ஹிருதய என்ற கவிஞர் அம்மொழியில் ஒரு கவிதை எழுதியதற்காக 1941இல் சிறையிலடைக்கப்பட்டார். சிறையில் இருந்த ஆண்டுகளில் துண்டுத் தாள்களில் 'சுகத சௌரபம்' என்ற புத்தர் காவியத்தை எழுதினார். அவருடைய சகோதரி மோதி லட்சுமி அத்தாள்களை ரகசியமாக வெளியே கொண்டுவந்தார். 1949இல் நூல் அச்சாயிற்று.

பத்தொன்பது சருக்கங்கள் கொண்ட இக்காவியம் நடப்பது கபிலவஸ்துவில். ஆனால் அங்குள்ள வீடுகளின் செதுக்கிய சாளரங்கள், மணச்சடங்குகள், விழாக்கள் யாவும் காட்மாண்டுவினுடையவை. தன் ஊரைப் பற்றித் தன் மொழியில் எழுதத் தடை இருந்தபோது ஹிருதய அதைப் புத்தரின் ஊராக மாற்றி எழுதினார். சாக்கியர்களின் சபை ஆட்சியை விவரிக்கும் இடங்களில் ராணாக்களின் எதேச்சாதிகாரத்தின் மீதான விமர்சனமும் மறைந்திருக்கிறது. புக்கானனிலும் லேவியிலும் ஸ்லஸ்சரிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. அது அந்த வீட்டுக்குள் வளர்ந்தவரின் பார்வை. எந்தப் பொருளையும் அவர் அடிக்குறிப்பிட்டு விளக்குவதில்லை.

டாட் லூயிஸ், சுவர்ணமான் துலாதர் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் ஆக்ஸ்ஃபர்ட் பதிப்பு 2010இல் வந்தது. லூயிஸின் அறிமுகம் சற்று நீளமானது, ஆனால் நேவார் வழக்கங்களை அறியாத வாசகர் அதைத் தாண்டிச் செல்லக் கூடாது. மூலத்தின் யாப்பு ஆங்கிலத்தில் போய்விட்டது. வீடுகளும் தெருக்களும் போகவில்லை.